டவரைத் திட்டும் முன் ஹாட்ஸ்பாட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'நெட் சரியில்லை' என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பழி முழுக்க டவர் மேல்தான் விழுகிறது. டவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிம் போட்டு இயங்கும் கையடக்க வைஃபை ஹாட்ஸ்பாட்டைப் பொறுத்தவரை, பழுது என்று கடைக்கு வருபவற்றில் பல பழுதே இல்லாதவை. வைத்த இடம் சரியிருக்காது. அல்லது பெட்டியைப் பிரித்த நாளில் இருந்த செட்டிங்ஸிலேயே வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் சரிசெய்துகொள்ளலாம். கடிதம் கொஞ்சம் நீளம்தான். வெட்டுவதானால் பின்பாதியில் வெட்டுங்கள், முன்பாதியில் கை வைக்க வேண்டாம்.

முதலில் இடம். இந்தக் கருவி இரண்டு பக்கம் பேசுகிறது. ஒரு பக்கம், சில நூறு மீட்டரோ சில கிலோமீட்டரோ தள்ளி நிற்கும் டவரோடு. இன்னொரு பக்கம், இரண்டு மூன்று அறைகளுக்குள் இருக்கும் உங்கள் போன், லேப்டாப்போடு. கஷ்டமான பக்கம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் வீடுகளில் கருவி இருக்கும் இடம் லேப்டாப்புக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால், இல்லாவிட்டால் இரும்பு பீரோவின் மேல். போனில் வைஃபை கோடுகள் நிறைந்து நிற்கும், நெட் மட்டும் நகராது. அந்தக் கோடுகள் கருவிக்கும் போனுக்கும் நடுவில் உள்ள நிலையைத்தான் காட்டுகின்றன. டவரோடு உள்ள நிலை, கருவியின் செட்டிங்ஸைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் அட்மின் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தைத் திறக்க, ஹாட்ஸ்பாட்டின் வைஃபையில் இணைந்துகொண்டு பிரவுசரில் அதன் முகவரியை அடிக்க வேண்டும். ஹுவாவே கருவிகள் பலவற்றில் 192.168.8.1, டிபி-லிங்க்கில் 192.168.0.1, வேறு சிலவற்றில் 192.168.1.1. சந்தேகமிருந்தால் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். பக்கம் திறக்கவில்லை என்றால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள். போனின் மொபைல் டேட்டாவை அணையுங்கள், விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். வைஃபையில் இணையம் வரவில்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் சொந்த சிம்முக்குத் தாவிவிடும். அப்புறம் அந்த முகவரியை அது வெளியுலகில் தேடிக்கொண்டிருக்கும்.

உள்ளே 'நெட்வொர்க் ஸ்டேட்டஸ்', 'டிவைஸ் இன்ஃபர்மேஷன்' போன்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வந்து சேரும் சிக்னலின் பலம். மைனஸில் காட்டும், சுழியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 80 இருந்தால் அருமை. மைனஸ் 90 வரை கவலையில்லை. மைனஸ் 100-ஐத் தாண்டினால் தடுமாறும், 110-ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் செய்தி போவதே பெரிது. மூன்று எண் இறங்கினால் பலம் பாதியாகிறது. மைனஸ் 85-க்கும் மைனஸ் 105-க்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்கு. எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20-க்கு மேல் மிக நன்று, 13-க்கு மேல் நன்று, சுழியத்துக்குக் கீழே போனால் பயனில்லை.

சில மலிவான கருவிகள் இந்த எண்களைக் காட்டுவதில்லை. அப்படியானால் அதே சிம்மை ஒரு போனில் போட்டு, டயல் பேடில் ஆண்ட்ராய்டில் *#*#4636#*#*, சாம்சங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* என்று அடித்துப் பார்க்கலாம். ஆன்டெனா வேறு என்பதால் எண் அப்படியே பொருந்தாது. ஆனால் வீட்டில் எந்த இடம் எதைவிட மேல் என்பது தெரிந்துவிடும்.

ஐந்தாறு இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் விட்டு, பிறகு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்த உடனே தெரிவது பழைய இடத்து எண்ணாகவும் இருக்கலாம். ஜன்னல் திண்டு, மாடிப்படி வளைவு, டவர் இருக்கும் திசைச் சுவர் ஆகியவை பெரும்பாலும் நன்றாக வரும். பரண், ஷீட் கூரைக்கு ஒட்டிய இடம், தண்ணீர் டிரம் பக்கம் எல்லாம் கெடுக்கும். வெயிலுக்காக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் பளபளப்பான உலோகப் பூச்சுத் தாள் சிக்னலையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடும், சாதாரணக் கம்பி ஜன்னல் அவ்வளவு மோசமில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: உயரம் என்றால் மொட்டைமாடிதான் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஆர்எஸ்ஆர்பி ஏறும், ஆனால் நாலு பக்கத்து டவரும் ஒரே அலைவரிசையில் ஒன்றாகக் கேட்பதால் எஸ்ஐஎன்ஆர் இறங்கும். சந்தைக்கடையில் நின்று ஒருவர் பேச்சை மட்டும் கேட்பதுபோல. ஒரு சுவர் மற்ற டவர்களை மறைக்கும் மாடி ஜன்னல், திறந்த மொட்டைமாடியை வெல்வது அடிக்கடி நடக்கும். இரண்டு எண்ணும் சேர்ந்து நன்றாக இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஒரு சிக்கல். அதே ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'பேண்ட்' என்று ஓர் எண் இருக்கும். நம் நாட்டு 4ஜியில் 3 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ், 5 என்றால் 850, 8 என்றால் 900, 40 என்றால் 2300. குறைந்த அலைவரிசை சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும், 2300 வாசலிலேயே களைத்துவிடும். சிக்கல் அதுமட்டுமில்லை. பேண்ட் 40 இருப்பது 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. சாதாரண வைஃபை தொடங்குவது அதே 2400-ல், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில். இரண்டுக்கும் நடுவே வேலியே கிடையாது. தீப்பெட்டி அளவு கருவிக்குள் இரண்டு ஆன்டெனாவும் விரல் தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வைஃபை, 2400-ஐ ஒட்டியே உள்ள சானல் 1-ல் இருந்தால், அது அனுப்பும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் டவரைக் கேட்டுக்கொண்டிருக்கும் காது அடைபடுகிறது. தனியாக ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் நன்றாக இருந்து, நாலு பேர் இணைந்ததும் படுத்துவிடுகிறது என்றால் இதையும் சந்தேகிக்கலாம். மருந்து எளிது: வைஃபை செட்டிங்ஸில் சானலை 'ஆட்டோ'விலிருந்து, 2400-ஐ விட்டுத் தள்ளியிருக்கும் 11-க்கு மாற்றுங்கள். கருவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்து, உங்கள் போன்களும் அதை ஏற்றால் அதற்கே போய்விடுங்கள், பிரச்சினை அடியோடு தீரும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டுவதில் சோம்பேறி. ஒரே அறைக்கு உகந்தது.

பேண்ட் 40 இல்லாத வீட்டில் 1, 6, 11 இம்மூன்றில் அக்கம்பக்கத்து வைஃபை குறைவாக உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். இடையில் 3, 8 என்று வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலையும் வாங்கிக்கொள்வீர்கள். சானல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். 40 வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்பது பக்கத்து வீடே இல்லாத தோட்ட வீட்டுக்குப் பொருந்தும். மைக்ரோவேவ் அடுப்பும் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்புபவை. ஹாட்ஸ்பாட்டை அவற்றிடமிருந்து கைநீளமாவது தள்ளி வையுங்கள்.

சானல் எவ்வளவு நெரிசல் என்று பார்க்க வைஃபை அனலைசர் செயலியைப் போனில் போடுகிறவர்கள், 'ஒன்றுமே காட்டவில்லை' என்று சொல்வதுண்டு. ஆண்ட்ராய்டில் பல பதிப்புகளாகவே சுற்றியுள்ள வைஃபை பட்டியலைச் செயலிக்குக் கொடுக்க லொக்கேஷன் அனுமதி வேண்டும், லொக்கேஷன் பொத்தானும் இயக்கத்தில் இருக்க வேண்டும். காரணம் நியாயமானதுதான். சுற்றியுள்ள வைஃபைகளின் பெயர்ப் பட்டியல் கிடைத்தாலே ஒருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். ஹாட்ஸ்பாட் கம்பெனிகளின் சொந்தச் செயலி கருவியைக் கண்டுபிடிக்க மறுத்தாலும் முதலில் இதைப் பாருங்கள். வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

லொக்கேஷன் என்று வந்துவிட்டதால் இன்னொரு குழப்பம். சென்னையில் பயன்படுத்திய ஹாட்ஸ்பாட்டைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனால் லேப்டாப் இன்னும் வேளச்சேரி வானிலையைக் காட்டும். பெரும்பாலான லேப்டாப்பில் ஜிபிஎஸ் இல்லை, சுற்றியுள்ள வைஃபை கருவிகளின் அடையாள எண்ணை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கிறது. அந்த எண் முன்பு எங்கே பதிவானதோ அங்கேயே நீங்களும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வேறு வைஃபை எதுவும் இல்லாத கிராமத்தில் இது இன்னும் மோசமாகும், திருத்தச் சாட்சி இல்லை. இதற்கு வழி: வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடு ஒன்றும், அதை ஒட்டி இடைவெளி விடாமல் என், ஓ, எம், ஏ, பி என்ற ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளும் (_nomap) சேருங்கள். இந்தக் குறி உள்ள கருவிகளைத் தன் இடப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று கூகுள் 2011-லேயே வழி வைத்திருக்கிறது. உடனே நடக்காது, பழைய பதிவு விலகச் சில காலம் ஆகும். பெயர் மாறுவதால் எல்லாப் போனையும் மறுபடி இணைக்க வேண்டும். விண்டோஸில் பிரைவசி செட்டிங்ஸின் லொக்கேஷன் பகுதியில் 'டீஃபால்ட் லொக்கேஷன்' கொடுத்துவைப்பதும் உதவும். இவ்வளவு செய்தும் சில இணையதளங்கள் வேறு ஊரைக் காட்டினால் அது ஐபி முகவரியை வைத்துக் கணிப்பது. மொபைல் கம்பெனியின் மையம் எங்கே இருக்கிறதோ அதைக் காட்டும். உங்கள் கையில் ஒன்றுமில்லை.

கருவியின் செட்டிங்ஸில் 'கன்ட்ரி' அல்லது 'ரீஜன்' என்று வேறொரு இடம் கேட்கும். அங்கே இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சானல்கள் 1 முதல் 13 வரை. அமெரிக்க அமைப்பில் 11-ஓடு நின்றுவிடும். 12, 13-ல் வைஃபையை வைத்தால் அமெரிக்காவில் வாங்கிய போனுக்கு அந்தப் பெயரே தெரியாமல் போகலாம். விடுமுறைக்கு வரும் உறவினர் போனில் மட்டும் வைஃபை தெரியாத மர்மத்துக்கு இது ஒரு காரணம். அதனால்தான் மேலே 11 என்றோம். அங்கிருந்து கருவியையே பரிசாகக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஒரு நிறுவனத்தோடு பூட்டப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் பெட்டியில் பேண்ட் எண்களைப் பாருங்கள். 2, 4, 12, 13, 66 என்று நீண்ட பட்டியல் இருந்து 3, 8, 40 இல்லை என்றால் இங்கே அது அழகான காகித எடை. இங்கே வாங்கிய பழைய கருவியில் பிஎஸ்என்எல் 4ஜி சிம் போடுகிறவர்கள் பேண்ட் 28 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்நிறுவனம் பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அதுதான்.

இனி ரவுட்டர் பக்கம். அட்மின் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் வேறு வேறு. பலர் இரண்டாவதை மாற்றிவிட்டு முதலாவதை 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். வைஃபையில் சேர்ந்த எவரும் உள்ளே போய் எதையும் மாற்றலாம் என்று அர்த்தம். சிம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதன் வழியாகப் போவதற்கெல்லாம் முதலில் கேள்வி வருவதும் உங்களிடம்தான். பாதுகாப்பு வகையில் 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்' தேர்ந்தெடுங்கள். 'டிகேஐபி' என்பதைத் தொடாதீர்கள். பழையது என்பதோடு, அதில் வைஃபை வேகமே 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தால் பழைய டிவியும் பிரிண்டரும் இணையாது, இரண்டும் கலந்த தேர்வு இருந்தால் அது போதும். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க உதவும் 'டபிள்யூபிஎஸ்' வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை இரண்டு துண்டாகச் சோதிப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான விஷயம். பக்கத்து வீட்டாரைத் தடுக்க மேக் ஃபில்டர், அதாவது போனின் அடையாள எண்ணை வைத்துத் தடுக்கும் வழி, போடச் சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புதிய போன்கள் பெரும்பாலும் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை, எனவே அது வீண் வேலை. பாஸ்வேர்டை மாற்றுங்கள், முடிந்தது.

பத்து நிமிடம் யாரும் இணையவில்லை என்றால் வைஃபை தானாக அணையும் அமைப்பு பல கருவிகளில் தயாரிப்பிலேயே வருகிறது. பயணத்துக்கு நல்லது, பேட்டரி மிஞ்சும். வீட்டில் சார்ஜரிலேயே இருக்கும் கருவிக்கு அதை 'நெவர்' ஆக்கிவிடுங்கள். 'காலையில் எழுந்தால் வைஃபை காணவில்லை' என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சிம் மாற்றினால் ஏபிஎன், அதாவது மொபைல் கம்பெனியின் இணைய வாசலின் பெயர், மாற வேண்டும். தானாக மாறாவிட்டால் ஜியோவுக்கு 'ஜியோநெட்', பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியில்லாமல் அடியுங்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு காலியாக இருக்கட்டும். ஐபி வகையில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்ததையே தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் வகையை 'ஆட்டோ'வில் விட்டால் சிக்னல் ஒரு நொடி தளரும்போது 2ஜிக்கு இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிடும் கருவிகள் உண்டு. '4ஜி ஒன்லி' வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. சிம்முக்கு 'பின்' எண் (PIN) பூட்டு இருந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் அட்மின் பக்கத்தில் அதைக் கேட்கும். போனில் போட்டு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மூன்று முறை தவறாக அடித்தால், பூட்டைத் திறக்கும் 'பக்' எண் (PUK) கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம் போச்சு.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் போகிறவர்கள் 'டேட்டா ரோமிங்'கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டுப் போங்கள். கடல் மேல் தடையே இல்லை, இலங்கை டவரின் சிக்னல் சில இடங்களில் நம்முடையதைவிடப் பலமாக வந்து சேரும்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்க இந்த ஹாட்ஸ்பாட்டில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு மணிக்கணக்கில் மல்லாடுகிறார்கள். அட்மின் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ற எண்ணைப் பாருங்கள். அது 10-ல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, ஒரே வெளி முகவரியைப் பல சந்தாதாரர்களோடு நீங்கள் பங்குபோடுகிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் கருவி வரை வந்து சேரவே சேராது. டிவிஆரில் உள்ள பி2பி அல்லது கிளவுட் வசதியைப் பயன்படுத்துங்கள். ஹாட்ஸ்பாட்டுக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டுகிறவர்கள், இரண்டின் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் 192.168.0.1 என்றால் இணையம் வரவே வராது. ஒன்றை 192.168.50.1 என்று மாற்றினால் போதும்.

மாலை ஆனதும் நெட் நின்றுவிடுகிறது என்ற புகாரில் ஒரு பகுதி டவர் நெரிசல். இன்னொரு பகுதி, அன்றைய ஒன்றரை ஜிபியோ இரண்டு ஜிபியோ தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியது. ஸ்பீடு டெஸ்ட்டில் 0.06 என்று வந்தால் அதுதான், கருவியைத் திருப்பித் திருப்பி ரீஸ்டார்ட் செய்து பயனில்லை. டேட்டா தீர்ந்த செய்தியும் ரீசார்ஜ் நினைவூட்டலும் ஹாட்ஸ்பாட்டில் உள்ள சிம்முக்குத்தான் வரும், அவற்றை அட்மின் பக்கத்தின் எஸ்எம்எஸ் பகுதியில் படிக்க வேண்டும். அந்த வைஃபையை விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்டுகள் அன்றைய கணக்கைத் தின்னாது.

வருடம் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் கருவியின் பேட்டரி உப்பும். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. ஜன்னல் திண்டில் வைக்கச் சொன்னோம், ஆனால் மே மாத நேரடி வெயிலில் அல்ல. பின்மூடி சற்றுத் தூக்கினாற்போல் தெரிந்தால் அன்றே பேட்டரியை எடுத்துவிடுங்கள். குத்தவோ அமுக்கவோ வேண்டாம். பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும் மாடல்களும் உண்டு, சோதித்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 110-லேயே நின்றால்தான் டவர் மேல் புகார். அப்போது வீதிக் கடையில் விற்கும் 'சிக்னல் பூஸ்டர்' வாங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம், சுற்றுவட்டார டவர்களையும் கெடுக்கும். கருவியில் டிஎஸ்-9 (TS-9) துளை இருந்தால் வெளி ஆன்டெனா மாட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் அதோடு வரும் மெல்லிய கேபிள் மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கு மேல் தின்னும். ஆன்டெனாவில் சம்பாதித்ததைப் பத்து மீட்டர் கேபிளில் தொலைப்பதைவிட, கருவியையே ஜன்னலுக்கு நகர்த்தி, நீளமான சார்ஜர் வயர் வாங்குவது மலிவு. கம்பெனிக்குப் புகார் எழுதும்போது 'சிக்னல் இல்லை' என்று மட்டும் எழுதாமல், இடம், நேரம், பேண்ட், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், டவரின் அடையாள எண்ணான செல் ஐடி ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வேளை எண்களை எழுதினால் 'ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்' என்ற ஒற்றைப் பதிலோடு அனுப்பிவைப்பது அவர்களுக்கும் கடினம்.

இப்படிக்கு,
மொபைல், ரவுட்டர் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
தூத்துக்குடி.